கனம் குறைந்த கண்ணாடி

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மிக்கேலம்மாள் ஒரு வருஷமாக ஒற்றைக் கையால்தான் களை பறித்தாள். குனிந்தால் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மண்ணில் விழும். இன்னொரு கை அந்தச் சனியனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தர்மபுரியில் கண்ணாடிக் கடைக்காரர் புதிதாக ஒன்றை நீட்டினார். பிளாஸ்டிக். நடுவில் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு தடிப்பு, சுற்றிலும் மெலிசு.

அவள் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "வெயிட்டே இல்லீங்களே. பவரைக் கொறைச்சுட்டீங்களா?"

"பவரு நடு வளைவுலதான் இருக்குதுங்கம்மா. மீதிக் கனமெல்லாம் சும்மா சுமை."

அரைமனதாக வாங்கி வந்தாள். மறுநாள் காலை கடலைக்கொல்லையில் குனிந்தாள். கோரை தெரிந்தது, கடலைப் பூகூடத் தெரிந்தது. பாதிக் கொல்லை தாண்டிய பிறகுதான் கவனித்தாள். அவளுடைய இரண்டு கையிலும் களை இருந்தது.