வேலி இரண்டான திங்கட்கிழமை

1871ஆம் வருடம் மே மாதம் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், எங்கள் பங்கு, அதாவது ஒரே மாதாகோயிலைச் சேர்ந்த எங்கள் ஊர், ஆறு அர்ப்பான் அகலம் கூடிப்போனது. ஒரு அர்ப்பான் என்பது பெரிய எட்டாக வைத்தால் எழுபத்தைந்து எட்டு. அதற்கு முந்தின நூற்றைம்பது வருடமும் எங்கள் ஊரின் அகலம் நூற்று இருபத்தாறு அர்ப்பானாகத்தான் இருந்தது. முதலில் வந்த ஆட்கள் ஆற்றங்கரையை மூன்று மூன்று அர்ப்பானாகக் கூறுபோட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. முன்பக்கம் ஆறு, பின்பக்கம் காடு, நடுவே ரிப்பன் மாதிரி நீண்ட வயல். அப்படி நாற்பத்திரண்டு துண்டு. அர்ச்சிஷ்ட இல்தஃபோன்ஸ் பங்கு என்றால் அவ்வளவுதான். மேற்கே ஓடை, கிழக்கே பாறை, இரண்டுக்கும் அப்பால் வேறு பங்கு, வேறு சாமியார், வேறு வம்பு. நிலம் வளர்ந்ததைக் கேள்விப்பட்டுக் கிழக்கூர்க்காரர்கள் எங்களைப் பொய்யர்கள் என்றார்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு பனிக்காலம் முடியும்போதும் உறைந்த மண் இளகி, முந்தின வருடம் பொறுக்கிச் சுத்தமாக்கின வயலில் பானை பானையாகப் புதுக்கற்கள் முளைத்துக் கிடக்கும். கல் முளைக்கிற ஊரில் நிலம் முளைத்தால் மட்டும் என்ன குறைந்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள்.

கூடினது எதனால் என்று சொல்ல வேண்டுமென்றால் ஓபெலினைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் துண்டில் குடியிருந்த விதவை, வயது ஐம்பத்திரண்டு, பெற்றது எட்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பத்துப் பிள்ளை, நிலமோ பிள்ளை பெறாது. மூத்தவன் ஒருவனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தெற்கே எல்லை தாண்டி அமெரிக்கா போய், நூல் மில்லில் நிற்க வேண்டியதுதான். ஓபெலின் புருஷன் சாகும் முன் நிலத்தை மூத்தவன் தெயோஃபில் பேருக்கு எழுதினான். பதிலுக்குத் தாய்க்கு அடுப்புக்குப் பக்கத்து அறை, நாளைக்கு ஒரு குவளை பால், வருடத்துக்குக் கால் பன்றி, வாசலில் கொண்டுவந்து போட்ட விறகு என்று பத்திரத்தில் இருந்தது. தெயோஃபில் எதிலும் குறை வைத்தவன் இல்லை. குவளையைத் தளும்பத் தளும்பத்தான் ஊற்றினான். ஆனால் நடுவில் உள்ள ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ரயிலேறிப் போனார்கள். ஆறு தடவையும் ஓபெலின் ஸ்டேஷனுக்குப் போய்க் கையசைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டி மாவு பிசைந்தாள். கடைசிப் பையன் ஃபிலியாஸ் கல்யாணமாகி ஆறு மாதத்தில், "நிலம் இல்லாத ஊர்ல நான் என்னம்மா பண்றது" என்று சொல்லி, தனக்கும் பெண்டாட்டிக்கும் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் வாங்கி வந்தபோதுதான் அவளுக்கு மாவு பிசையக் கை எழவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மன்றாட்டு நாள். ஆண்டவர் பரலோகம் ஏறிய திருநாளுக்கு முந்தின மூன்று நாளும் சாமியார் முன்னே போக, சனம் பின்னே போக, ஆற்றோரப் பாதையில் வயல் வயலாக மந்திரித்துக்கொண்டு போவோம். பாட்டுக்காரர் மோட்சத்திலிருக்கிற அர்ச்சிஷ்டவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார், சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். ஐம்பது வருடமாகச் சொன்ன வாய், எந்தப் பேர் வந்தாலும் தானாகச் சொல்லிவிடும். பத்தொன்பதாம் துண்டின் கடைசியில், தெயோஃபிலுக்கும் பக்கத்து நிலத்து மக்லுவாருக்கும் பொதுவான வேலிக்கு வந்தபோது பாட்டுக்காரருக்கு இருமல் வந்தது. அந்த இடைவெளியில் ஓபெலின், "அதெலார்" என்றாள். அது மில்லுக்குப் போன அவள் இரண்டாவது மகன். சனம் யோசிக்காமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. "மல்வினா" என்றாள். சனம் வேண்டிக்கொண்டது. ஆறு பேரையும் சொல்லி முடித்தாள். ஃபஃபார் சாமியார் திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருக்கிறவர்களை மன்றாட்டில் சேர்ப்பது பாவம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு தாய் தன் பிள்ளை பேரைச் சொல்லிவிட்டாள். பிறகு ஒரு தகப்பன். பிறகு யார் சொன்னது, யார் பதில் சொன்னது என்று தெரியாமல், தெற்கே போன நானூறு பேரின் பேரும் ஒவ்வொன்றாக வந்தது. கால்கள் நடந்துகொண்டே இருந்தன. ஆனால் மக்லுவாரின் நிலம் வரவில்லை. பாதத்துக்குக் கீழே மண் ரொட்டி மாவு உப்புவதுபோல் மெதுவாக எழும்பி அகன்றதை எல்லாரும் உணர்ந்தார்கள், ஆனால் ஒருவரும் குனிந்து பார்க்கத் துணியவில்லை. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான வெள்ளை வாத்துகள் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தலை தூக்கி நின்றன. கடைசிப் பேரைச் சொன்னது சாமியார்தான். "இர்மா" என்றார், அவருடைய தங்கை. அதற்குப் பிறகு சொல்லப் பேர் இல்லாமல் சனம் வாய் மூடினபோது மக்லுவாரின் நிலம் காலுக்கு முன்னால் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தெயோஃபிலின் நிலம் எங்கோ பின்னால் இருந்தது. நடுவில் ஆற்றிலிருந்து காடு வரைக்கும், அதுவரை எவரும் மிதித்திராத நிலம். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அன்று மத்தியானமே சண்டை ஆரம்பித்தது, மனுஷன் மனுஷன்தானே. எங்கள் வழக்கப்படி பொது வேலியில் ஆற்றுப் பக்கத்துப் பாதி ஒருவன் பொறுப்பு, காட்டுப் பக்கத்துப் பாதி மற்றவன் பொறுப்பு. நிலம் பிரிந்தபோது வேலியில் அவரவர் பாதி அவரவர் நிலத்தோடு போய்விட்டது. "தெயோஃபில், வேலி எங்கடா?" என்று மக்லுவார் இந்தப் பக்கமிருந்து கத்தினான். "என் பாதி இங்கதான் நிக்குது, உன் பாதியத்தான் நீ தூக்கிக்கிட்டுப் போயிட்டியே" என்று அவன் அந்தப் பக்கமிருந்து கத்தினான். இரண்டு பேர் மாடும் நடுநிலத்தில் நின்று மேய்ந்தன. நிலம் அளக்கிற துயுபே ஐயாவைக் கூட்டிவந்து செவ்வாய், புதன் இரண்டு நாளும் சங்கிலி பிடித்து அளந்தார்கள். தெயோஃபிலுக்கு மூன்று அர்ப்பான் குறையாமல் இருந்தது, மக்லுவாருக்கும் அப்படியே. ஊர் முழுக்க அளந்தால் நூற்று முப்பத்திரண்டு. ஆற்றுக்கு அக்கரையில் போய்க் கருவி வைத்துப் பார்த்தால் பழைய நூற்று இருபத்தாறு. வயல்களுக்குக் குறுக்கே போகிற ரயில் தண்டவாளத்தையும் பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட அடையாளம் ஒன்றுமில்லை. புதிதாக வந்த கட்டைகளிலும் பழைய கட்டைகளைப் போலவே எண்ணெய்க் கறை இருந்தது. "எழுதிக் கொடுன்னா எழுதிக் கொடுக்கிறேன், விளக்கம் மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க" என்றார் துயுபே ஐயா. தங்களிடமிருந்து ஒரு அடிகூடப் போகாததால் இரண்டு பேரும் சண்டையை விட்டார்கள். யார் வாயிலிருந்து வந்ததோ அவளுக்கே நிலம் என்று புதன் மாலை ஊர் கூடிச் சொல்லிவிட்டது.

ஓபெலின் நேரே ஃபிலியாஸிடம் போனாள். அவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிலம் வந்துவிட்டது, ஆறு அர்ப்பான், உன் அண்ணன் நிலத்தைப் போல இரண்டு பங்கு, கயிற்றை அவிழ் என்றாள். அவன் அவிழ்க்கவில்லை.

"நிலம் இல்லேன்னுதானேடா போறேன்னு சொன்ன?"

"எல்லாரும் அப்படித்தானேம்மா சொல்லிட்டுப் போறாங்க. நானும் அதையே சொன்னேன். கல்லுப் பொறுக்கிப் பொறுக்கி எனக்குச் சலிச்சுப் போச்சும்மா. நீ இன்னும் அம்பது அர்ப்பான் கொண்டுவந்தாலும் நான் போகத்தான் போறேன்."

அவன் பெண்டாட்டி எக்ஸில்தா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெயோஃபில் இதைக் கேட்டுத் தம்பியை அறைய வந்தான். ஓபெலின் நடுவில் புகுந்து தடுத்தாள். பூமியையே பிளந்து அகட்டின தாய்க்கு ஒரு பையன் மனசை அரை விரற்கடை அசைக்க முடியவில்லை என்றால், அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்வது? எங்களுக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள், அவன் இறுக்கிக் கட்டுவதற்கு. "சரி, போயிட்டு வா" என்றாள்.

வியாழக்கிழமை திருநாள் பூசை முடிந்ததும் சாமியாரிடம், பங்குப் புத்தகத்தில் நிலத்தை என் பேரிலேயே எழுதுங்கள் என்றாள். சாமியார், யாருடைய விதவை என்று போடட்டும் என்று பேனாவை எடுத்தார். "யாருடைய விதவைன்னும் வேண்டாம், சாமி. ஓபெலின் கரோன்னு எழுதுங்க, எங்க அப்பா வீட்டுப் பேரு" என்றாள். அவளுக்கு அப்படியொரு பேர் இருந்தது பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஓட்ஸ் விதைக்கப் பருவம் தப்பிக்கொண்டிருந்தது. தெயோஃபிலின் குதிரையை வாங்கிக்கொண்டு புதுநிலத்தில் பரம்படித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ரயில் புறப்பட்டு, துண்டு துண்டாக எங்கள் வயல்களைக் கடந்து வந்தது. மூன்று அர்ப்பான் என்றால் ரயிலுக்கு ஒரு மூச்சு, ஜன்னலில் முகம் தெரிவதற்குள் அடுத்த வேலி வந்துவிடும். மற்ற ஆறு பேரும் அப்படித்தான் போனார்கள். பத்தொன்பதாம் துண்டு முடிந்து வண்டி புதுநிலத்தில் ஏறினபோது, மேட்டு நிலம் என்பதால் இஞ்சின் முக்கி முக்கி நடை வேகத்துக்கு வந்தது. ஃபிலியாஸ் கதவருகே வந்து நின்றான். ஓபெலின் கடிவாளத்தைக் கீழே போட்டுவிட்டுத் தண்டவாளத்துக்கு ஓடினாள். வண்டியோடு கூடவே நடந்தாள், அந்த அகலம் முழுக்க.

"கம்பளிக் காலுறை எடுத்து வச்சியாடா?"

"வச்சேம்மா."

"அவளை ஜன்னல் பக்கத்துல உக்கார வை. குமட்டும் அவளுக்கு."

"சரிம்மா."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மக்லுவாரின் நிலம் வந்தது. அது அடுத்தவன் நிலம், அவள் நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டில் யார் ரயிலேறினாலும் பெற்றவர்கள் ஸ்டேஷனுக்குப் போவதை விட்டுவிட்டு ஓபெலின் கரோனின் வயலில் வந்து நின்றார்கள். பயிரை மிதிக்காமல் நடக்கத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பாதை விட்டிருந்தாள், யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. ரயில் கம்பெனிக்காரர்கள் வண்டி அங்கே தாமதமாகிறதென்று இரண்டு வருடம் டிரைவர்களைத் திட்டிப் பார்த்தார்கள், பிறகு அட்டவணையில் எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே மூன்று நிமிடம் கூட்டி அச்சடித்தார்கள். இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.