கடற்பசு பார்க்காத காவலன்

மர்ஸா ஆலம் என்ற ஊருக்குத் தெற்கே, பாலைவனம் செங்கடலில் கால் நனைக்கிற இடத்தில், கடல் உயிரினக் காப்பகத்தில் காவலனாக இருந்தான் ஹம்தல்லா. ஆமை முட்டையிடும் மணலில் வண்டி ஓட்டுகிறவர்களை விரட்டியிருக்கிறான். பவளத்தின் மேல் நங்கூரம் போடுகிறவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். கடற்பசுவை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்கள்கூடப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவன் போய்ச் சேரும்போது கலங்கிய தண்ணீர்தான் மிச்சமிருக்கும்.

படகோட்டியான மைத்துனன் ஜாபிருக்கு இது வாய்க்கு அவல். பயணிகளிடம் இவனைக் காட்டி, கடற்பசுவுக்குக் காவல் இவர்தான், ஆனால் இருவருக்கும் இன்னும் அறிமுகமாகவில்லை என்பான். மனைவி ஸித்தானாவும் அண்ணனுக்குச் சளைத்தவளில்லை. சீருடையைக் கண்டுதான் அது ஓடுகிறது என்பாள்.

ஒருநாள் காலை ஜாபிரின் ஒட்டகம் கட்டை அறுத்துக்கொண்டு போய், அலையாத்தி மரங்களுக்கு நடுவே தண்ணீரில் நின்று இலைகளை மேய்ந்துகொண்டிருந்தது. ஹம்தல்லா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை இழுத்தான். திட்டினான், பிறகு கெஞ்சினான். ஒட்டகம் மென்றபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பினான். கைக்கெட்டும் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு, கீழே கடற்புல்லின் மேல் பெரிய உடல், அதை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. கயிறு அவன் கையிலிருந்து நழுவியது.

இஞ்சிக் காப்பியோடு ஸித்தானா கரைக்கு வந்தாள். கூப்பிட்டால் அது ஓடிவிடும் என்று அவன் கையை மட்டும் ஆட்டினான். ஒட்டகம் உதைத்துவிட்டது என்று பதறி, நீச்சல் தெரியாதவள், உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்கினாள்.

"கால் ஒடைஞ்சுடுச்சா?"

உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். அவள் பார்த்தாள். மூச்சுவிட மேலே வந்த குட்டி, தாயின் முதுகில் மோதி வழுக்கி மறுபடி ஏறியது. வாயாடி ஸித்தானா அவன் கையை இறுகப் பிடித்தபடி வாயே திறக்காமல் நின்றாள். அவனுக்குக் கண் கலங்கியது. ஒட்டகம் காலை மாற்றி வைத்ததும் இரண்டும் ஆழத்துக்குள் மறைந்தன.

கரையேறியதும்தான் அவளுக்கு நாக்கு திரும்பியது. "இத்தன வருஷமா நீங்க தேடுனீங்க. நான் ஒரே ஒரு தடவ எறங்குனேன், குடும்பத்தோட வந்து நிக்குது. உங்க வேலைய எனக்குக் குடுக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் ஜாபிர் ஒட்டகத்தைப் பிடித்துப்போக வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு நம்பாமல் சிரித்தான்.

"நனைஞ்ச ஒட்டகத்தப் பாத்துருப்பீங்க மச்சான்."

ஹம்தல்லா மனைவியைப் பார்த்தான். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"இவரு எதப் பாத்தாரோ, எனக்குத் தெரியாதுண்ணே. நான் பாத்தது கடற்பசுதான். தொங்குன ஒதடும் சின்னக் கண்ணுமா, அச்சு அசல் ஒன் மொகம்."

ஜாபிர் தன்னையறியாமல் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஹம்தல்லாவுக்குச் சிரிப்பில் காப்பி புரையேறியது.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது, ஸித்தானாவும் பழைய துணி ஒன்றை உடுத்திக்கொண்டு தயாராக வாசலில் நின்றாள்.