கட்டில் மணி

அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன மணி அடித்தது. 'கரண்ட்' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் அடுப்பை அணைக்கவும் தோன்றாமல் உள்ளறைக்கு ஓடினார். மனைவி கட்டிலில் இருந்தபடியே இருந்தாள். ஒருக்களித்துப் படுத்து, வளையலை மேலும் கீழும் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இப்படித் தலைதெறிக்க ஓடி வர்றீங்க? வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல. உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு."

"அய்யே, இந்த வயசுல!" என்று வெட்கப்பட்டாள். அடுக்களையிலிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது.

கரண்ட் என்பது அவர் வேலை பார்க்கும் பட்டறையில் வைத்த பட்டப்பெயர். அழுத்தம் அளக்கும் சென்சார்களைச் சோதித்து அனுப்பும் பட்டறை அது. யாராவது சென்சாருக்கு மாறாத வோல்டேஜைக் கொடுத்துவிட்டு அளவெடுக்க உட்கார்ந்தால் போதும், மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "வோல்டேஜைக் கட்டிப் போட்டு என்னய்யா பிரயோஜனம்? கரண்டைக் கட்டிப் போடுங்க!" சூடு ஏறினால் சென்சார் மந்தமாகும், அதே அழுத்தத்துக்குக் குறைவான மில்லிவோல்ட்தான் தரும். ஆனால் சூட்டில் அதன் மின்தடையும் கூடுமே! கரண்ட் மாறாமல் இருந்தால், தடை கூடக் கூட அதன்மேல் விழும் வோல்டேஜும் கூடி அந்த மந்தத்தைச் சரிக்கட்டிவிடும். வோல்டேஜை நிலையாக வைத்தாலோ அந்த உதவி கிடையாது. வெயில் ஏற ஏற அளவு இறங்கிக்கொண்டே போகும்.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், தன் வீட்டுச் சென்சாருக்கு ஒரு செல்போன் சார்ஜரைக் கட்டியிருந்தார். ஐந்து வோல்ட். கேட்டால் சிரிப்பார்கள்.

மனைவிக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. கதவு திறந்திருந்தால் கால் போன போக்கில் போய்விடுவாள். இன்னொரு தடவை அம்மா தெருவில் நின்றால் காப்பகத்தில்தான் விடுவேன் என்று மகள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மெத்தைக்கு அடியில் காற்றடைத்த ரப்பர் குழாய், அதன் வாயில் சென்சார். அவள் எழுந்தால் குழாயில் அழுத்தம் குறையும், அடுக்களையில் மணி அடிக்கும். சாப்பிட அழைத்துப் போகும்போது மட்டும் சுவிட்சை அணைப்பார். கரண்டை நிலையாகக் கொடுக்கும் சின்னப் பெட்டி பட்டறையில் சும்மாதான் கிடந்தது. போய்க் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கூடவே, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்களே! லீவு மேல் லீவு போட்டுவிட்டு அந்தக் கேள்வியின் முன்னால் போய் நிற்க அவருக்குத் தெம்பில்லை. சார்ஜரே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

காலையில் ஒழுங்காக இருக்கும். உச்சிவெயிலில் அறை கொதிக்கும்போது அவள் படுத்திருக்கும்போதே அளவு இறங்கி மணி அலறும். ஒவ்வொரு தடவையும் ஓடுவார். முதலில் அவளுக்கு விளையாட்டாக இருந்தது. பிறகு மணிச்சத்தம் கேட்டாலே மிரண்டு, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், மணி அடிக்கும் எல்லையை அவர் கொஞ்சம் இறக்கினார். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்புறம் மணி வாயே திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

மழை வந்து அறை குளிர்ந்த ஒரு நாள், அவள் எழுந்து போர்வையை மடித்தாள். தலையணைகளையும் சேர்த்து மெத்தை நடுவில் அழகாக அடுக்கினாள். குளிரில் அளவு ஏறியிருந்தது. இறக்கி வைத்த எல்லைக்கு அந்த மூட்டையின் பாரமே போதுமானதாக இருந்தது. மணி அடிக்கவில்லை. அவர் காய் நறுக்கிக்கொண்டே ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் கண்ணாடி கிழித்து ரத்தம்.

"பஸ்ஸுக்குக் குறுக்க போய் நின்னுட்டாங்க சார். டிரைவர் நல்ல மனுஷன், பிரேக் போட்டுட்டான்."

சேதி கேட்டு மகள் உடனே கிளம்பி வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மறுநாள் அம்மாவை அவள் பார்த்துக்கொள்ள, இவர் பட்டறைக்குப் போனார். பயந்த கேள்வியை ஒரு கூட்டாளி கேட்டே விட்டான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பிடுங்கி எறிந்தார். கரண்டை ஒன்றரை மில்லியாம்பியரில் நிறுத்தினார். அடுத்த நாள் காலையிலிருந்து கட்டில் பக்கத்திலேயே மீட்டரோடு உட்கார்ந்தார். வெயில் ஏறியது, அறை கொதித்தது, அளவு அசையவில்லை. எல்லையை மறுபடி மேலே தூக்கி வைத்தார். மனைவி எழுந்து உட்கார்ந்த மாத்திரத்தில் மணி கணீரென்று அடித்தது.

"பாத்தியாம்மா? தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். வோல்டேஜ் குடுத்ததுதான் தப்பு. இனிமே தப்பாது. சத்தியமா தப்பாது."

மகள் மீட்டரைக் குனிந்து பார்த்தாள். அப்பாவின் முகத்தையும் பார்த்தாள்.

"மீட்டர் நல்லாத்தாம்பா இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல. கடைசியா எப்ப முழுசாத் தூங்குனீங்க, சொல்லுங்க?"

அவர் மீட்டரைத் துடைத்து நேராக வைத்தார்.

"நான் காப்பகத்தைப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். சுத்தமா இருக்கு. அம்மாவை வாரா வாரம் பாக்கலாம்."

வாடகைக் கார் வந்தது. மகள் அம்மாவுக்குத் தலைவாரி, கால் கட்டின் மேல் பெரிய செருப்பாகப் பார்த்து மாட்டி, கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாள். கட்டிலை விட்டு அவள் எழுந்ததுமே உள்ளே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கார்க் கதவருகே நின்று மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வரலியா?"

"நீ முன்னால போ. பின்னாலயே வர்றேன்."

"சீக்கிரம் வாங்க. யாரோ மணியடிக்கிறாங்க பாருங்க, அவங்களை அனுப்பிட்டு வாங்க."

கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அடுக்களைக்குப் போய்ச் சுவிட்சில் கை வைத்தார். ஒரு தட்டு தட்டினால் நின்றுவிடும். கையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு நடந்தார்.

அவள் படுத்த இடத்தில் அவளைப் போலவே ஒருக்களித்துப் படுத்தார். மணி நின்றது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாதங்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அசையாமல் கிடந்தார்.