பின்சீட்டு

ட்ராக்டர் முன்னால் இழுக்க, கயிற்றில் கட்டிய பச்சைக் கார் ஒன்று ஊர்ந்து வந்து புக்கிட் செலம்பாவ் பட்டறை வாசலில் நின்றபோது, நவமணி வாளித் தண்ணீரில் எண்ணெய்த் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நம்பர் பிளேட்டைப் பார்க்கவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. அந்தப் பச்சையைக் கண்டதுமே கையிலிருந்த துணியை வாளிக்குள் ஓங்கி அடித்தாள்.

காரிலிருந்து இறங்கியவர் ஆர்தர் கிராணி. மேட்டு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் பேரும் கணக்கும் எழுதுகிற பெரிய கிராணி. காலையில் அவர் ஒரு தடவை இருமினால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களமே வாயைப் பொத்திக்கொள்ளும்.

"தம்பி பரஞ்சோதி, சௌக்கியமா?" என்றார் அவள் புருஷனிடம்.

தம்பியாம், தம்பி! தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் 'டேய்'. கார் படுத்துக்கொண்டதும் மரியாதை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

பரஞ்சோதி பானட்டைத் தூக்கி, எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றினான். பல் வைத்த ரப்பர் பெல்ட் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"டைமிங் பெல்ட் போயிருச்சுங்க. மேல வால்வு, கீழ பிஸ்டன், ரெண்டையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிறது இதுதான். இது அறுந்தா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். எங்க நின்னுச்சு?"

"ஆபீஸ் வாசல்லதான். பேட்டரி வீக்குன்னு நெனச்சு ஆளுங்கள விட்டுத் தள்ளச் சொன்னேன். கோயில் வரைக்கும் தள்ளுனானுங்க. கியர் போட்டு மூணு நாலு தடவ பாத்தேன், எடுக்கலலா."

பரஞ்சோதி உச்சுக் கொட்டினான். "நின்ன இடத்துலயே விட்டிருந்தா ஒண்ணு ரெண்டு வால்வோட போயிருக்கும். தள்ளித் தள்ளியே மிச்சத்தையும் வளைச்சிட்டீங்க."

ட்ராக்டர் ஓட்டி வந்த ராமையா நவமணி பக்கம் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினான். "நாங்கதான் அக்கா தள்ளுனோம். இன்னும் வேகமா தள்ளுங்கடான்னு கத்துனாரு. உசுரக் குடுத்துத் தள்ளிட்டோம். ரப்பர் தோட்டத்துக் கிராணிய ரப்பரே கவுத்துருச்சு, பாத்தியா!"

நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

"சனிக்கிழமை ஜேனுக்குக் கல்யாணம்பா," என்றார் கிராணி. "சுங்கைப் பட்டாணி சர்ச்சுல. மாப்பிள்ளை மெர்கோங் பக்கம். பொண்ணு நம்ம கார்லதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. இந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளு சுத்துப்பட்டுல நீ ஒருத்தன்தான்னு சொன்னாங்க."

"செஞ்சிரலாங்க," என்றான் பரஞ்சோதி.

ட்ராக்டர் கிராணியை ஏற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டியதுதான் தாமதம், நவமணி வாளியை எட்டி உதைத்தாள்.

"உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா? அந்தாளு காரு நம்ம வாசல்ல வந்து நிக்குது, இவரு செஞ்சிரலாங்கிறாரு!"

"எஞ்சின் என்னா பாவம் பண்ணுச்சு நவமணி?"

"அப்ப என் புள்ள என்னா பாவம் பண்ணுச்சு?"

பரஞ்சோதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தான். 

எழுபத்து நாலாம் வருடம், மழைக்காலம். நவமணிக்குப் பனிக்குடம் உடைந்தபோது தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் விளக்கு வைக்கிற நேரம். கிராணி பங்களாவில் இந்தப் பச்சைக் கார் புத்தம் புதிதாக நின்றிருந்தது. அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் சாக்கைக் குடையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் பங்களா வாசலில் இறக்கினார்கள். கிராணி கதவைப் பாதி திறந்தார். "புது சீட்டுடா. ரத்தம் பட்டா போகுமா? காலையில பால் லோரி வரும், அதுல ஏத்திட்டுப் போ." கதவு சாத்திக்கொண்டது. இது யாரும் அவளுக்கு வந்து சொன்ன கதை இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதாலேயே கேட்டது.

ரப்பர் பால் ஏற்றுகிற அந்த லோரி விடிந்துதான் வந்தது. வந்ததும் ஒவ்வொரு கொட்டகையாய் நின்று நின்று பாலை ஏற்றிக்கொண்டுதான் போனது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, அழவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்ட நர்ஸின் கண் கலங்கியிருந்தது. அதன்பின் நவமணியின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. பெரட்டில் எல்லார் முன்னாலும் நியாயம் கேட்ட பரஞ்சோதியின் பேரை வெட்டி, தோட்டத்தை விட்டே விரட்டினார் கிராணி.

அந்தக் காருக்குத்தான் இப்போது வைத்தியம்!

பரஞ்சோதி எஞ்சின் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எட்டு வால்வில் ஆறு கோணிக் கிடந்தன. பஸ் ஏறி பட்டர்வொர்த் போய்ப் புது பெல்ட்டும் வால்வுகளும் வாங்கி வந்தான். வால்வுக்குத் தேய்ப்புப் பசை தடவி, அதன் தலையில் ஒட்டிப் பிடிக்கும் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவதுபோல் உருட்டி உருட்டித் தேய்த்து உட்காரவைப்பது அந்தப் பட்டறையில் எப்போதும் நவமணியின் வேலை. அதில் அவளுக்கு இருக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது.

"என் கை இதுல படாது," என்றாள். "பட்டா கடப்பாறையோடதான் படும்."

கடப்பாறை நிஜமாகவே அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், புருஷன் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்தாள். அந்தப் பின்சீட்டைக் கிழித்துப் பஞ்சு பஞ்சாகப் பிடுங்கிப் போட்டால்தான் தன் நெஞ்சு ஆறும் என்று நினைத்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது. கார் வாங்கும்போது சீட்டுக்குப் போட்டு வருமே, அந்த பிளாஸ்டிக் உறை, அதை இன்னும் கழற்றவில்லை அந்த மனிதர். மஞ்சள் பாரித்து, ஓரம் வெடித்து, அப்படியே கிடந்தது.

"அடப் பாவி!" என்று வாய்விட்டே கத்தினாள். "பிளாஸ்டிக்கு போட்டிருந்துச்சாடா? ஒரு வாளித் தண்ணி, ஒரு துணி! தொடைச்சா போயிருக்குமேடா!"

அந்த உறையை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். பிறகு கடப்பாறையை மூலையில் சாத்திவிட்டு, மேசை முன்னால் உட்கார்ந்து வால்வுக் குச்சியை எடுத்து உருட்டத் தொடங்கினாள். திரும்பி வந்த பரஞ்சோதிக்கு ஒரே சந்தோஷம், பெண்டாட்டி மனசு இளகிவிட்டது என்று. இளகவாவது! அந்தக் கார் ஓடவேண்டும் என்று இப்போது கிராணியைவிட அவளுக்குத்தான் அவசரம்.

வெள்ளிக்கிழமை எஞ்சின் தலை ஏறியது. குறிகளை நேருக்கு நேர் வைத்துப் புது பெல்ட்டை மாட்டி, கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான் பரஞ்சோதி. எங்கும் இடிக்கவில்லை. சாவி போட்டதும் கார் குதூகலமாய் உறுமியது.

சனிக்கிழமை காலை கோட்டும் சட்டைப்பை ரோஜாவுமாக ஆர்தர் கிராணி வந்து சேர்ந்தார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

"என்னப்பா இது? மணி ஆவுது!"

பரஞ்சோதி பானட்டைத் தூக்கினான். மின்சாரத்தைப் பிரித்துவிடுகிற மூடிக்குள்ளே இருக்கும் ரோட்டரைக் காணோம். பெருவிரல் அளவு சாமான்தான், அது இல்லாவிட்டால் கார் வெறும் இரும்பு. அவன் மெல்ல பானட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். பின்சீட்டில், நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நவமணி அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நவமணி, குடுத்துரு."

"குடுக்கிறேன். கிராணியார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும். இங்கேருந்து இல்ல, எங்க லயத்து வீட்டு வாசல்லேருந்து."

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் கிராணி.

"ஒம்போது வருஷமா சரியில்ல."

 அவர் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. "டூயிட் எவ்வளவு வேணும்னாலும்..."

"பர்சை உள்ள வைங்க. அன்னிக்கு நாங்க காசா கேட்டோம்?"

"இன்னிக்கு என் மவ கல்யாணம்மா!"

"என் மவ இருந்திருந்தா உங்க மவளுக்குப் பூக்கூடை புடிச்சிருப்பா. வண்டிய எடுங்க."

 பரஞ்சோதி மனைவியிடம் கையை நீட்டி ரோட்டரை வாங்கி மாட்டி, பானட்டைச் சாத்தினான்.

லயத்து வாசலில் கார் நின்றதும் சனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். ராமையா பல் குச்சியை வாயிலேயே மறந்து நின்றான். நவமணி இறங்கி, பழைய வீட்டுப் படியில் ஒரு தடவை நின்றாள். கிராணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார், கோட்டும் ரோஜாவுமாக. மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். அப்பப்பா, அந்த ஒரு நொடி எவ்வளவு இனித்தது!

பங்களா வாசலில் வெள்ளை கவுனில் ஜேன் நின்றிருந்தாள். "டாடி!" என்று கை காட்டினாள். கிராணியின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தக் கூடாது," என்றாள் நவமணி. "இந்த இடத்துலதான் என்னை நாற்காலியோட எறக்குனாங்க."

கார் நிற்காமல் போனது. அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்கவேண்டியதை எல்லாம் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வழி நெடுக வைது தீர்க்கவேண்டும், அந்த ஆள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார் நின்றது. கிராணி இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"வந்துட்டோம்மா."

நவமணி நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி கேட். லோரியில் வந்த அந்தக் காலைக்குப் பிறகு தோட்டத்திலிருந்து நேராக இந்த வழியில் அவள் வந்ததே இல்லை. எங்கோ தொலைதூரம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"வந்துட்டமா?" என்றாள். "இவ்வளவுதானா? இவ்வளவு கிட்டயா இருந்துச்சு?"

  மனப்பாடம் செய்த வசவில் ஒரு சொல்கூட அவளுக்கு வரவில்லை, அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீர் சொட்டுச் சொட்டாக பிளாஸ்டிக் உறைமேல் விழுந்தது.

அழுது முடித்து இறங்கினாள். குனிந்து, முந்தானையால் சீட்டை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

"பாத்துக்குங்க கிராணியாரே. தொடைச்சா போயிடும். போங்க, உங்க மவ காத்துக்கிட்டு நிக்குது."

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள், திரும்பவே இல்லை. பரஞ்சோதி பார்த்த எஞ்சின், அதில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பத்தான் ஆர்தர் கிராணிக்கு வெகு நேரம் கை வரவில்லை.