கடைசியாகக் கேட்டது

ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கும் மூன்றாவது வளைவில் ஜீப் திரும்ப மறுத்தது. சந்திரகுமார் இருக்கையிலிருந்து பாதி எழும்பி, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இழுத்துச் சுற்றினான். சக்கரம் மண்மேட்டை உரசிக்கொண்டு மெல்ல வளைந்தது.

"என்னண்ணே?"

"பவர் ஸ்டியரிங் போயிருச்சு சுதா. எண்ணெய் முழுக்க ஒழுகிருச்சு."

பின்னிருக்கையில், சுதர்சினியின் மடியில் அப்பாவின் தலை இருந்தது. விடியற்காலையிலிருந்தே மூச்சு இழுத்தது. கண்டி ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது போக வேண்டும்.

கோளாறு புதிதல்ல. எண்ணெய் ஒழுகும் ஸ்டியரிங் ரேக்கை மாற்ற ரெண்டரை லட்சம் ஆகும் என்று மஹய்யாவ கராஜ் மெக்கானிக் பஹீம் சொல்லி நாலு மாதமாகிறது. அண்ணன் வாரம் ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றிச் சமாளித்தான். அப்பாவுக்கும் அதே கவலைதான். அண்ணனிடமிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "ஸ்டியரிங் எப்படிய்யா இருக்கு?" வாதம் வந்து குழறிப்போன நாக்கில் அது மட்டும் தெளிவாக வரும்.

கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மூன்று வருஷமாக அவரைத் தூக்கி வைத்தவள் சுதர்சினி. அண்ணன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் ஹார்ன் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வரும் வெளிச்சத்தை மற்ற ஆறு நாளும் அவள் கண்டதில்லை.

தெல்தெனியவைத் தாண்டும்போது அப்பா கண் திறந்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று அவள் குனிந்தாள். அவர் பார்வை அவளைக் கடந்து, முன்னால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய தோள்களில் போய் நின்றது.

"கை வலிக்குதாய்யா?"

"இல்லப்பா" என்றான் அண்ணன், திரும்பாமல்.

அவ்வளவுதான். திகன ஊர் வருமுன் மடியில் பாரம் கூடியது. அவளுக்கு விளங்கியது. ஆனாலும் இரண்டு வளைவு வரை அவள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு வளைவுக்கும் அப்பா அவளுக்கு மட்டும் இருந்தார்.

மறுநாள் பகல், வீட்டு வாசலில் போட்ட பந்தலில் வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் வீங்கிய மணிக்கட்டைக் காட்டினான்.

"உசிரு போற நேரத்திலயும் என் கை வலிக்குதான்னுதான் கேட்டாரு."

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நாலு மாதமாக மாற்றாத ரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உள்ளே, பிரேதத்தின் பக்கத்தில் அப்பாவின் தங்கை அங்கம்மா அத்தை உட்கார்ந்திருந்தாள். "ஒங்கிட்ட என்னம்மா சொன்னாரு?" என்று சுதர்சினியைக் கேட்டாள்.

சுற்றியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் அப்போதுதான் உள்ளே வந்து நின்றான்.

"தண்ணி கேட்டாரு" என்றாள் சுதர்சினி.

"குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தை. ரெண்டு வாய் குடிச்சாரு. போதும்மான்னாரு."

அவசரத்தில் கிளம்பிய ஜீப்பில் தண்ணீர்ப் போத்தலே இருக்கவில்லை. அண்ணனுக்கு அது தெரியும். ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புண்ணியம் செஞ்சவ நீ" என்று அத்தை அவள் தலையைத் தடவினாள்.

சுதர்சினி முந்தானை நுனியை எடுத்து, அப்பாவின் காய்ந்த உதட்டோரத்தை ஒற்றித் துடைத்தாள்.