நமக்கு ஒன்று விழுந்தது

கால்பந்து லீக் தொடங்கியது முதல் முதலிடத்தில் வீற்றிருந்த அணி, கடைசி மாதத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. வென்றுகொண்டிருந்தவர்கள் சமன் செய்தார்கள்; பிறகு தோற்கவும் பழகினார்கள். இன்றைய இறுதி ஆட்டத்தில் வென்றால் மட்டுமே பட்டம். அந்தக் கவலையில், அணியின் தீவிர ரசிகரான ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சில நாள்களாகச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணின் பரீட்சைக்குக்கூட அவர் இப்படி இளைத்ததில்லை என்று மனைவி இடித்துக் காட்டினாள்.

ஆட்டம் தொடங்கும் வேளையில்தான் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. மேல்மாடியில், நடக்க இயலாத முதியவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லக் காத்திருந்தார். மறுக்க வழியில்லை.

மெக்கானிக் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, அதைத் தண்டவாளத்தில் பிடித்து ஓட்டும் ‘ஷூ’ என்னும் பிடிகளில் உடைந்ததைக் கழற்றினார். அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே, உச்சியில் மோட்டார் அறையில் உதவிக்கு இருந்த மனைவியின் தம்பியிடம் கைபேசியைக் கொடுத்து, வர்ணனையைக் கேட்டுச் சொல்லுமாறு பணித்திருந்தார். மைத்துனன் தொழிலில் கெட்டிக்காரன்; ஆட்டத்திலோ, கோல் கம்பத்துக்கும் கொடிக் கம்பத்துக்கும் வேறுபாடு அறியாதவன்.

நெடுநேரத்துக்குப் பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"மாமா, விழுந்துடுச்சு."

அவர்கள் தொழிலில் இச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே: ஏதோ ஒரு கருவி கை நழுவிவிட்டது. மெக்கானிக் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின்மேல் இரு கைகளையும் கவித்தார். ஒன்றும் வந்து விழவில்லை.

"என்ன மாப்ள விழுந்துச்சு? ஸ்பேனரா?"

"கோல் மாமா. நமக்கு ஒண்ணு விழுந்துடுச்சு."

எதிரணியின் கோல் விழுந்ததற்கு ஸ்பேனரே விழுந்திருக்கலாம் என்று தோன்றிற்று அவருக்கு. இனி எதையும் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டுவிட்டு, புதிய ஷூவைப் பொருத்தி, போல்ட்டுகளின்மேல் தம் துயரத்தையெல்லாம் காட்டி முறுக்கினார்.

லிஃப்ட் ஓடியது. முதியவர் கீழே வந்து நன்றி கூறினார். மெக்கானிக்கின் முகத்தைக் கண்டதும், மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் யார் என்று அவருக்கே ஐயம் எழுந்திருக்கும்.

மைத்துனன் கருவிப் பையோடு இறங்கி வந்தான். ஆட்டம் முடிந்ததா என்று கேட்டதற்கு, முடிந்தது என்றான். வேறு கோல் உண்டா என்றதற்கு, அந்த ஒன்றுதான் என்றான்.

"அப்ப பட்டம் போச்சு" என்றார் மெக்கானிக்.

"எங்க போச்சு? நமக்குத்தான் குடுக்கறாங்களாம்."

"நமக்கு விழுந்துச்சுன்னு சொன்னியே."

"ஆமா மாமா. நம்மாளு அடிச்சான், நமக்கு விழுந்துச்சு. இதுல என்ன தப்பு?"

தப்பொன்றும் இல்லை. ‘நமக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை கொடையையும் குறிக்கும், பகையையும் குறிக்கும். ஒரு மாதமாகத் தோல்வியையே கேட்டுப் பழகிய காது பகையை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. வைவதற்கு வாய் திறந்த மெக்கானிக் அதை விட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கோல எப்படி அடிச்சான்? சொல்லு."

மைத்துனன் யோசித்தான். யாரோ ஒருவன் தலையால் முட்டியதாகச் சொன்னார்கள் என்றான். யார், எந்தப் பக்கத்திலிருந்து வந்த பந்து என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை.

"பரவால்ல. அதையே இன்னொரு தடவ சொல்லு, மாப்ள" என்று, படியில் சற்று நகர்ந்து அவனுக்கு இடம்விட்டார் மெக்கானிக்.