யோனாவுக்கு லாமினேஷன்

1991இல் தாம்பரத்தில் ஒரு காகிதம் லாமினேஷன் ஆகாமல் இருந்தால், அதன் சொந்தக்காரர் இன்னும் ஸ்டேஷன் பக்கம் வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், ஜாதகம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டன.

கீழ்க்கட்டளையின் ஒரு சின்னச் சபை பீரோவில் மட்டும் ஒன்று பாக்கி இருந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் கையால் எழுதிய வேதாகமத்தின் ஒற்றைத் தாள். எப்போதோ வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போனது. அதன் ஓரத்தில் ஒரு மீன் யோனாவைக் கரையில் கக்கிக்கொண்டிருந்தது.

ஓய்வுநாள் பள்ளி நடத்தும் தபீதாள் பதினொரு மாதம் கடிதம் எழுதி, ஓர் ஆராய்ச்சியாளரைச் சனிக்கிழமை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். அதுவரை தாள் அப்படியே இருந்தால் போதும் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொண்டாள். கமிட்டி கவனமாகக் கேட்டது. வியாழக்கிழமை, செயலாளர் குப்புராஜ் தாளைச் சுருட்டிக்கொண்டு பொன்னுரங்கத்தின் லாமினேஷன் கடைக்குப் போனார். விருந்தாளி வரும்போது பொருள் பளபளவென்று இருக்க வேண்டாமா?

விஷயம் தெரிந்து தபீதாள் ஓடி வந்தபோது இயந்திரம் சூடேறியிருந்தது.

“அண்ணா, நிறுத்துங்க! இது பேப்பர் இல்ல, கன்னுக்குட்டித் தோலு. சுண்ணாம்புத் தண்ணில ஊற வெச்சு, சட்டத்துல இழுத்துக் கட்டி, சுரண்டிக் காய வெச்சது. சூடு பட்டா சுருங்கிடும்.”

“தோலா? இன்னா சார், மின்னாடியே சொல்றதில்லையா?” என்றார் பொன்னுரங்கம்.

“தங்கம் வேற இருக்கு. பசை மேடு கட்டி, வாயால ஊதி ஈரமாக்கி, ஒட்டினது. உருளை நசுக்கினா உதிர்ந்துடும்.”

“எழுநூறு வருஷம் தாங்கினது, ரெண்டு நிமிஷம் தாங்காதாம்மா?” என்றார் குப்புராஜ். “கமிட்டித் தீர்மானம் போட்டாச்சு. பொன்னுரங்கம், நீ வுடு உள்ள.”

“அப்ப மொதல்ல உங்க விரலை விடுங்கண்ணா. அதுவும் தோலுதான். பார்ப்போம்.”

குப்புராஜ் விரலை விடவில்லை. தாளை விட்டார்.

மீன் யோனாவை முழுசாகக் கக்கியது. இயந்திரம் உள்ளங்கையளவு அப்பளமாகக் கக்கியது. தங்கம் தூளாகி, பிளாஸ்டிக்குக்குள் மிகப் பத்திரமாக இருந்தது.

“இனிமே பூச்சி அரிக்காது,” என்றார் குப்புராஜ்.

சனிக்கிழமை ஆராய்ச்சியாளர் வந்தார். தபீதாள் அதை அவர் கையில் வைத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“லாமினேஷன் நல்ல தரம்,” என்றார்.

குப்புராஜ் அதைக் கமிட்டிக் குறிப்பேட்டில் நிபுணர் சான்றிதழ் என்று எழுதிக்கொண்டார்.